வீட்டில் விட்ரிஃபைடு டைல்ஸ் வெட்டணுமா? சுற்றும் பிளேடைக் கடைசியாக எடுங்கள்

கேட்டவரின் நிலைமை இதுதான். 11 அடிக்கு நாலரை அடி பால்கனி. 2×2 அடி விட்ரிஃபைடு டைல்ஸ், பசை, டைல்களுக்கு நடுவில் இடைவெளிக்காகச் செருகும் ஸ்பேசர் எல்லாம் வாங்கியாயிற்று. வேலை சின்னது என்பதால் டைல்ஸ் மேஸ்திரி யாரும் வர ஒத்துக்கொள்ளவில்லை. ஒட்டுவதைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம் இருக்கிறது, வெட்டுவதை நினைத்தால்தான் பயம். "நாலு இஞ்ச் கிரைண்டர் ஒன்று வாங்கினால் போதுமா? கையைக் காலை வெட்டிக்கொள்ளாமல் வேலையை முடிக்க என்ன வழி?" என்று கேட்டிருக்கிறார்.

பயம் நியாயமானது. ஆனால் கிரைண்டர், அதாவது வட்ட பிளேடு சுற்றும் அந்தக் கை மிஷின், வாங்கும் யோசனையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். உங்கள் பால்கனிக்குத் தேவைப்படும் வெட்டுகளில் முக்கால்வாசிக்கு மேல் நேர் வெட்டுகள். நேர் வெட்டுக்குச் சுற்றும் பிளேடே வேண்டாம். மேனுவல் டைல் கட்டர் என்று கடையில் கேட்டால் தருவார்கள்: இரண்டு கம்பித் தண்டவாளம், அதன் மேல் ஓடும் ஒரு கைப்பிடி, அதன் அடியில் ஒரு சின்னச் சக்கரம். கீறி உடைப்பது, அவ்வளவுதான். கரண்ட் இல்லை, தூசி கிட்டத்தட்ட இல்லை, விரல் போகிற ஆபத்தும் இல்லை. பவர் டூல்ஸ் வாடகைக்குக் கொடுக்கும் கடைகளில் இதுவும் பெரும்பாலும் இருக்கும். மிஷின் என்பது இதனால் முடியாத சில துண்டுகளுக்கு மட்டும். டைல் வெட்டும் வேலையில் பாதுகாப்பு என்பது கண்ணாடியும் கையுறையும் போடுவதில் தொடங்குவதில்லை. மிஷினை ஓட்ட வேண்டிய நேரத்தை எவ்வளவு குறைக்கிறோம் என்பதில்தான் தொடங்குகிறது.

முதலில் கையில் இருக்கும் டைல் என்ன ரகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பாத்ரூம் சுவருக்கு ஒட்டும் சாதாரண செராமிக் டைல் உள்ளுக்குள் நுண்துளைகளோடு இருக்கும், தண்ணீரை நன்றாக உறிஞ்சும், சுலபமாக வெட்டுப்படும். விட்ரிஃபைடு அப்படியல்ல. கிட்டத்தட்ட 1,200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டு, உள்ளே துளையே இல்லாத அளவுக்கு இறுக்கியிருப்பார்கள். அதன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சக் கூடாது என்பது தர அளவு. அதனால்தான் அது கறை படியாமல் உழைக்கிறது, அதனால்தான் வெட்டும்போது பிடிவாதமும் பிடிக்கிறது. ஒரு சந்தேகம் இருந்தால் டைலின் பின்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உடனே குடித்துவிட்டால் செராமிக், அப்படியே நின்றால் விட்ரிஃபைடு. 2×2 டைல் ஒன்று ஏழு கிலோவுக்கு மேல் இருக்கும். 2×4 என்றால் அதில் இரண்டு மடங்கு. அதைத் தனியாளாகத் தூக்கி வெட்ட முயல வேண்டாம்.

அடுத்தது கணக்கு. வெட்டுவதற்கு முன் எதை வெட்டாமல் தப்பிக்கலாம் என்று பாருங்கள். 11 அடி என்பது 335 செ.மீ. ஸ்பேசரோடு சேர்த்து 5 முழு டைல் 301 செ.மீ. எடுக்கும், மீதி 34 செ.மீ. குறுக்கே நாலரை அடி, அதாவது 137 செ.மீ. இரண்டு முழு டைல் போக 16 முதல் 17 செ.மீ. பட்டை ஒன்று வரும். இரண்டுமே சுலபமாக உடைக்கக்கூடிய அகலம். முழு டைல்களைக் கைப்பிடிச் சுவர் பக்கமிருந்து தொடங்குவீர்களா, வாசற்படிப் பக்கமிருந்து தொடங்குவீர்களா, வெட்டுத் துண்டு எந்தச் சுவரோரம் போகும் என்பதைப் பசை குழைப்பதற்கு முன்பே உலர்வாக அடுக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள். கணக்கில் 2 செ.மீ., 3 செ.மீ. பட்டை வருகிற இடமாக இருந்தால், தொடக்கத்தை அரை டைல் நகர்த்திவிடுங்கள். அந்த மெல்லிய பட்டைதான் கையால் உடைக்க முடியாமல் மிஷினைக் கேட்கும், வெட்டும்போது சிதறும், ஒட்டிய பிறகும் விரிசல் விடும்.

தண்ணீர் போகும் ஜாலியையும் இப்போதே யோசியுங்கள். ஜாலி ஒரு டைலின் நடுவில் வந்தால் நடுவே ஜன்னல் மாதிரி திறக்க வேண்டும். அடுக்கை அரை அடி நகர்த்தி, ஜாலி இரண்டு டைல்கள் சேருமிடத்திலோ ஒரு டைலின் மூலையிலோ வருமாறு செய்தால் அதே வேலை ஒரு சின்ன 'எல்' வெட்டாகிவிடும். கைப்பிடிக் கம்பியின் கால்கள் தரையில் இறங்கும் இடத்துக்கும் இதே யோசனைதான். இப்படி நகர்த்தி நகர்த்தி வைத்தால் மொத்தப் பால்கனியிலும் மிஷின் தொட வேண்டிய டைல் மூன்று நாலுக்குள் அடங்கிவிடும்.

அளவு எடுப்பதில் ஒரு பழைய வழி இருக்கிறது, டேப் இல்லாமலேயே சரியாக வரும். நம் சுவர்கள் மூலைமட்டத்துக்கு நிற்பது அபூர்வம். ஒரு முனையில் 16 செ.மீ. இருந்தால் மறுமுனையில் 17 இருக்கும். சுவருக்கு முந்தைய முழு டைலின் மேல், வெட்ட வேண்டிய டைலை விளிம்போடு விளிம்பு பொருந்த வையுங்கள். அதன் மேல் இன்னொரு முழு டைலை வைத்து, அதைச் சுவரைத் தொடும்வரை தள்ளுங்கள். சுவருக்கும் அதற்கும் நடுவில் இரண்டு ஸ்பேசர் கனத்துக்கு இடம் விட்டால் இணைப்பு இடைவெளியும் சுவரோர இடைவெளியும் கணக்கில் வந்துவிடும். மேல் டைலின் மறுவிளிம்பு, நடு டைலின் மேல் எங்கே விழுகிறதோ அங்கே கோடு போடுங்கள். மூடப்படாமல் வெளியே தெரிகிற பாகம்தான் உங்களுக்கு வேண்டிய துண்டு. சுவர் கோணலாக இருந்தால் கோடும் அதே கோணலில் விழும். துண்டை வைக்கும்போது கம்பெனி விளிம்பு பக்கத்து டைலை நோக்கியும், வெட்டிய விளிம்பு சுவரை நோக்கியும் இருக்கட்டும். சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மூடிவிடும்.

இப்போது கட்டர். 2×2 டைலுக்குக் குறைந்தது 60 செ.மீ. நீளம் வெட்டக்கூடியது வேண்டும், வாங்கும்போதோ வாடகைக்கு எடுக்கும்போதோ அதைக் கேளுங்கள். சக்கரம் டங்ஸ்டன் கார்பைடு. அதில் சின்னப் பல் விழுந்திருந்தாலும் கோடு விட்டுவிட்டு விழும், அதனால் நகத்தால் தடவிப் பாருங்கள். டைலின் பளபளப்பான முகம் மேலே. ஓரத்தை முன்சட்டத்தோடு ஒட்டி வைத்து, சக்கரத்தை டைலின் விளிம்பிலேயே இறக்குங்கள். விளிம்பை விட்டுக் கொஞ்சம் உள்ளே தொடங்கினால் கீறாமல் விட்ட அந்த இடம் கோணலாக உடையும். பிறகு ஒரே அழுத்தத்தில், ஒரே ஓட்டத்தில், மறுவிளிம்புவரை. கோடு சரியாக விழுந்தால் 'சர்ர்' என்று இடைவெளியில்லாத ஒரு மெல்லிய சத்தம் வரும், டைலின் மேல் முடி கனத்தில் வெள்ளைக் கோடு தெரியும். சத்தம் திக்கினால் அழுத்தம் மாறியிருக்கிறது என்று பொருள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அதே கோட்டின் மேல் இரண்டாம் முறை ஓட்டாதீர்கள். இரண்டாவது ஓட்டம் கோட்டை ஆழமாக்காது, பக்கவாட்டில் நுண்விரிசல்களை விடும், உடைக்கும்போது விரிசல் அந்த வழியில் ஓடிவிடும்.

கீறுவதன் வேலை டைலை அறுப்பதல்ல, எங்கே உடைய வேண்டும் என்று சொல்லிவைப்பது. மாத்திரையில் நடுக்கோடு இருப்பதைப் போல. டைல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் கட்டரின் பாதம் அழுத்தும்போது, மேல் பரப்பு இழுபட்டு, கீறலிலிருந்து விரிசல் கீழே இறங்குகிறது. பாதத்தை உங்கள் பக்க விளிம்புக்கு அருகே வைத்து, வெடுக்கென்று அடிக்காமல், அழுத்தத்தை மெல்ல ஏற்றுங்கள். 'டக்' என்று பிரியும். முதல் ஒன்றிரண்டு டைல் உடைந்து வீணாகலாம் என்பதை மனதில் வைத்து, கூடுதலாக இரண்டு டைல் வாங்கி வையுங்கள். அதே பெட்டியில் போக்குவரத்தில் மூலை உடைந்தது எதாவது இருந்தால் பழகுவதற்கு அதுதான் சரியான டைல்.

உடைந்த விளிம்பைக் கையால் தடவாதீர்கள். விட்ரிஃபைடின் மேல்பூச்சு கண்ணாடி போலத்தான், தெரியாமலே தோலைக் கீறிவிடும். வெட்டிய துண்டுகளைத் தூக்கும்போதும் ஓரம் தேய்க்கும்போதும் ரப்பர் பூச்சு உள்ள கையுறை போடுங்கள். வைர ஹேண்ட் பேடோ சாணைக்கல்லோ வாங்கி, தண்ணீர் தொட்டு, மேலிருந்து கீழ்நோக்கி நாலு இழுப்பு இழுத்தால் கூர்மை போய்விடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இங்கும் வேண்டும், உடையும்போது சில்லு தெறிக்கும்.

கட்டர் தோற்கிற இடங்கள் உண்டு. 'எல்', 'யு' வெட்டுகள், வட்டத் துளை, விரல் அகலப் பட்டை, மேடு பள்ளமாக டிசைன் போட்ட கனமான பார்க்கிங் டைல், கடப்பா கல், கிரானைட். ஆத்தங்குடி டைலும் இதில் ஒழுங்காக உடையாது, அது சிமென்ட், கீறினால் பொடியும். இவற்றுக்கு மிஷின்தான். இங்கே ஒரு நேர்மையான யோசனை சொல்கிறேன்: உங்களுக்குத் தேவை மூன்று நாலு வெட்டு என்றால், கோடு போட்ட டைல்களை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் டைல்ஸ் வேலை நடக்கிறதா பாருங்கள், அல்லது கிரானைட் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். கொஞ்சம் பணத்துக்கு வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு முறை வேலைக்காக மிஷின் வாங்கி, பழக்கமில்லாத கையில் பிடிப்பதைவிட இது எவ்வளவோ நல்லது. இல்லை, நானேதான் செய்வேன் என்றால் மேலே படியுங்கள்.

மிஷினில் இரண்டு வகை. மார்பிள் கட்டர் என்று சொல்லும் கட்டிங் மிஷினுக்கு அடியில் தட்டையான தகடு உண்டு. அது டைல் மேல் உட்கார்ந்து ஓடும், பிளேடு எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று திருகி வைக்கலாம், சில மாடல்களில் தண்ணீர்க் குழாயும் கூடவே வரும். ஆங்கிள் கிரைண்டர் அந்தரத்தில் கையில் நிற்பது, கை ஆடினால் பிளேடும் ஆடும். நேராக வெட்ட மார்பிள் கட்டர் நல்லது. சின்ன மூலைகளுக்கு கிரைண்டர் வசதி. கிரைண்டர் எடுப்பதாக இருந்தால், அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் ஓடி, கையெடுத்தால் நிற்கும் ஸ்விட்ச் உள்ளதாகப் பாருங்கள். தள்ளி மாட்டிவிடும் ஸ்விட்ச் என்றால் மிஷின் கைநழுவிக் கீழே விழுந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றும். பிளேடின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதிலிருந்து ஒரு சில்லு பறந்தால் அதே வேகத்தில் பறக்கும். இந்த ஒரு எண்ணிக்கையை நினைவில் வைத்தால் மற்ற விதிகள் எல்லாம் தானாக விளங்கும். பிளேடு மூடியைக் கழற்றக் கூடாது. வேலை வேகமாக நடக்கும் என்று பல இடங்களில் கழற்றித் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அது மிஷினுக்கும் முகத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரே சுவர். பிளேடில் அச்சடித்த உச்ச சுற்று எண்ணிக்கை, மிஷினின் சுற்றைவிட அதிகமாக இருக்க வேண்டும். பெரிய பிளேடைச் சின்ன மிஷினில் மாட்டக் கூடாது. நடுத்துளை பொருந்தாமல் லூசாக இருந்தால் பேப்பர் சுற்றியோ கம்பி சுற்றியோ ஒப்பேற்றாதீர்கள், அதற்கென்று வளையம் கடையில் கிடைக்கும்.

மரம் அறுக்கும் பல் பிளேடை இந்த மிஷின்களில் மாட்டவே கூடாது. இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஊரெல்லாம் நடக்கிறது. கடையிலும் நாலு இஞ்சில் பல் பிளேடு தொங்கும், மிஷினிலும் அழகாகப் பொருந்தும். வெட்டும்போது ஒரு பல் மாட்டினால், நிற்க முடியாத அந்த வேகம் மிஷினையே தூக்கி உங்கள் பக்கம் எறியும். தொடை, வயிறு, கழுத்து என்று காயப்படுவது இப்படித்தான். டைலுக்கு வேண்டியது பல் இல்லாத, விளிம்பு முழுக்கத் தொடர்ச்சியாக இருக்கும் மெல்லிய வைர பிளேடு. விளிம்பில் இடைவெளி விட்ட பிளேடு கான்கிரீட்டுக்கும் கல்லுக்கும். டைலில் ஓட்டினால் விளிம்பைக் கடித்துத் துப்பும். பிளேடில் அம்புக்குறி இருக்கும், சுற்றும் திசையில் மாட்டுங்கள். புதிதாக மாட்டியதும் யாரும் எதிரில் இல்லாத பக்கமாகத் திருப்பி அரை நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். அதிர்ந்தால் கழற்றிவிடுங்கள். மாட்டுவதும் கழற்றுவதும் பிளக்கை உருவிய பிறகுதான், ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

உடை. லுங்கி, வேட்டி, தோளில் துண்டு, துப்பட்டா, நுனி தொங்கும் புடவை எதுவும் கூடாது. கழுத்துச் சங்கிலி, கைக்கயிறு, மோதிரம் கழற்றிவிடுங்கள். கூந்தலை முடிந்து தொப்பிக்குள் தள்ளுங்கள். பேண்ட், மூடிய ஷூ. துணிக் கையுறை நூல் பிரிந்து பிளேடில் சிக்கினால் கையை உள்ளே இழுத்துவிடும், அதனால் மிஷின் பிடிக்கும்போது ஒட்டிப் பிடிக்கிற ரப்பர் கையுறை, இல்லையென்றால் வெறுங்கை. பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி. பவர் கண்ணாடி அதற்கு ஈடாகாது, அதன் மேலேயே போடக்கூடிய பெரியது கிடைக்கும். காதுக்கு அடைப்பான். நாளெல்லாம் வேலை செய்பவர்களுக்குக் காது மந்தமாவது இந்தச் சத்தத்தால்தான்.

வெட்டும் இடம் பால்கனி அல்ல. சிதறும் துண்டு கைப்பிடிக்கு வெளியே விழுந்தால் கீழே போகிறவர் தலையில்தான் விழும், தூசி அடுத்த வீட்டுக் கொடியில் காயும் துணியில் படியும். மொட்டை மாடியோ வாசலோ பாருங்கள், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அடிக்குமாறு உட்காருங்கள். உட்காருவது என்றதும் இன்னொன்று: டைலைத் தரையில் போட்டு, ஒரு காலை அதன் மேல் ஊன்றி, குனிந்து வெட்டுவது நம் ஊரில் எல்லாரும் செய்வது. பிளேடு நழுவினால் முதலில் போவது அந்தக் கால். முட்டி உயரத்துக்கு ஒரு உறுதியான மேடை, அதன் மேல் பிளைவுட், அதன் மேல் ஒரு தெர்மக்கோல் பலகை, அதன் மேல் டைல். முழு டைலும் தாங்கப்பட்டிருக்கும், பிளேடு தெர்மக்கோலுக்குள் கொஞ்சம் இறங்கினாலும் பாதகமில்லை. டைலை ஜி கிளாம்ப் இரண்டு போட்டு இறுக்குங்கள், கிளாம்புக்கும் டைலுக்கும் நடுவில் மரத்துண்டு வைத்து. இரண்டு கையும் மிஷினுக்கு.

கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் பென்சிலால் கோடு போட்டால் தெளிவாகத் தெரியும், மேல்பூச்சும் குறைவாகச் சில்லு விடும். மிஷினை ஓடவிட்டு, முழு வேகம் வந்த பிறகே டைலைத் தொடுங்கள். முதல் ஓட்டத்தில் இரண்டு மில்லிமீட்டர் ஆழம் மட்டும், இது வழிகாட்டிக் கோடு. பிறகு அதே பள்ளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்துங்கள். தள்ளாதீர்கள், மிஷின் போகிற வேகத்துக்குக் கூடவே போங்கள். சத்தத்தின் சுருதி இறங்கினால் நீங்கள் அழுத்துகிறீர்கள். தீப்பொறி பறந்து விளிம்பு கருகினால் பிளேடு மழுங்கியிருக்கிறது. அழுத்தத்தைக் கூட்டாமல், ஒரு செங்கல்லிலோ ஹாலோ பிளாக்கிலோ நாலைந்து முறை ஓட்டுங்கள். மேலே மெழுகிய உலோகம் தேய்ந்து புது வைரத் துகள் வெளியே வரும். உடம்பும் முகமும் பிளேடின் நேர்கோட்டில் இருக்கக் கூடாது, ஒரு பக்கம் ஒதுங்கி நில்லுங்கள்.

டைல் உடைவது பெரும்பாலும் கடைசி இரண்டு இஞ்சில். வெட்டிய பாகம் தன் எடையால் தொங்கத் தொடங்கும், மிச்சம் ஒட்டியிருக்கும் இடத்தைப் பிய்த்துக்கொண்டு மூலையோடு போகும். அதனால் முதலிலேயே கோட்டின் முடிவுப் பக்கத்திலிருந்து இரண்டு இஞ்ச் உள்ளே வெட்டி வைத்துவிட்டு, பிறகு இந்தப் பக்கமிருந்து வந்து அதைச் சந்தியுங்கள். முடிந்ததும் ஸ்விட்சை விட்டு, பிளேடு முழுசாக நின்ற பிறகே மிஷினைக் கீழே வையுங்கள்.

'எல்' வெட்டில் உள்மூலைதான் பிரச்சினை. இரண்டு கோடுகள் கூர்மையாகச் சந்திக்கும் இடத்தில் விசை எல்லாம் குவியும், ஒட்டிய ஆறு மாதத்தில் அங்கிருந்து குறுக்கே விரிசல் ஓடும். வெட்டுவதற்கு முன் அந்த மூலையில் 6 அல்லது 8 மி.மீ. வைர பிட்டால் ஒரு துளை போடுங்கள், கோடுகள் துளையில் வந்து முடியட்டும். இன்னொன்று, பிளேடு வட்டமாக இருப்பதால் மேற்பரப்பில் மூலையைத் தொடும்போது அடிப்பக்கம் இன்னும் வெட்டுப்படாமல் இருக்கும். மேலே கோட்டைத் தாண்டி ஓட்டாமல், டைலைத் திருப்பிப் போட்டு அடியிலிருந்து மிச்சத்தை வெட்டுங்கள். அடியில் கோடு தாண்டினாலும் கண்ணுக்குத் தெரியாது.

குழாய்க்கு வட்டத் துளை போட வைர ஹோல் சா, அதாவது டிரில் மிஷினில் மாட்டும் வட்ட பிட். டிரில் மிஷினில் ஹாமர் முறையை அணைத்துவிடுங்கள், விட்டிருந்தால் முதல் நொடியிலேயே டைல் நட்சத்திரமாக விரியும். வேகத்தைக் குறைத்து, சாய்த்துப் பிடித்து ஒரு பிறைவடிவப் பள்ளம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்துங்கள். துளை போடும் இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் சின்ன வரப்புக் கட்டி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் போதும், பிட்டும் சூடாகாது, தூசியும் எழும்பாது.

தூசியைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். பிளேடு காயம் உடனே தெரியும், பயமுறுத்தும், அதனால் ஜாக்கிரதையாக இருக்கிறோம். தூசி வலிக்காது. டைலின் மண்ணிலும் மணலிலும் குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா இருக்கிறது. காய்ந்த நிலையில் வெட்டும்போது எழும் வெள்ளைப் புகையில் கண்ணுக்குத் தெரிவது பெரிய துகள். அது கீழே விழுந்துவிடும். தெரியாத நுண்துகள்தான் மணிக்கணக்கில் காற்றில் மிதந்து, நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போய் உட்கார்ந்து, அங்கே தழும்பாகிறது. சிலிக்கோசிஸ் என்பது அதுதான். வந்த தழும்பை ஆற்ற மருந்து இல்லை. காசநோய் வரும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை படிக சிலிக்கா தூசியை 1997இலேயே மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று முதல் பிரிவில் சேர்த்தது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள் பட்டியலில் சிலிக்கோசிஸைச் சேர்த்திருந்தது. ஆஸ்திரேலியா, சிலிக்கா மிகுந்த செயற்கைக் கல் பலகைகளையே 2024 ஜூலை 1 முதல் தடை செய்துவிட்டது, சமையலறை மேடைக்கு அவற்றை வெட்டிய இளைஞர்களின் நுரையீரல் போனதைப் பார்த்துத்தான்.

ஒரு நாள் நாலு டைல் வெட்டியதற்காக உங்களுக்கு சிலிக்கோசிஸ் வந்துவிடாது. ஆனால் மூடிய அறைக்குள் காய்ந்த டைலை வெட்டினால், அந்தத் தூசி கட்டில், ஃபேன், ஏசி எல்லாவற்றிலும் படிந்து, குழந்தைகள் இருக்கும் வீட்டில் பல நாள் மறுபடி மறுபடி கிளம்பும். எனவே வீட்டுக்குள் காய்ந்த வெட்டு கிடையவே கிடையாது. வெளியில், தண்ணீரோடு. முகத்தில் என்95 கவசம், மூக்குப் பட்டையை அழுத்தி, இரண்டு வாரும் தலைக்குப் பின்னால் போட்டு. கைக்குட்டை கட்டுவதும் ஆஸ்பத்திரி நீல மாஸ்க்கும் நுண்துகளைப் பிடிக்காது. தாடி இருந்தால் கவசத்தின் ஓரம் ஒட்டாது, அந்த இடைவெளியில் காற்று போய்விடும். பக்கத்தில் தண்ணீர் ஊற்ற நிற்பவருக்கும் அதே கவசம் வேண்டும். முடிந்ததும் துடைப்பம் எடுக்காதீர்கள், ஈரமாக இருக்கும்போதே ஈரத்துணியால் வழித்தெடுங்கள். அந்தச் சேற்றைச் சாக்கடையில் ஊற்றினால் குழாயில் இறுகிக்கொள்ளும். வாளியில் தெளியவிட்டு, அடியில் படிந்ததைப் பையில் கட்டிப் போடுங்கள். போட்டிருந்த துணியை வீட்டுக்குள் உதறாமல் தனியாகத் துவையுங்கள்.

தண்ணீரும் கரண்டும் சேரும் இடத்தில் ஒரு நிபந்தனை: கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத லைனில் ஈர வெட்டு வேண்டாம். எம்.சி.பி. இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அது ஒயரைக் காப்பாற்றுவது, ஆளை அல்ல. ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தி, விழுகிறதா என்று அன்றைக்கே பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்காமல் ஸ்டூல் மேல் இருக்கட்டும், ஒயர் உங்கள் பின்பக்கமாக வரட்டும். தண்ணீரைப் பிளேடு வெட்டும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், மிஷினின் காற்றுத் துளைப் பக்கம் போகக் கூடாது. குழாய் வசதியோடு வரும் மார்பிள் கட்டர் இதற்காகவே. சாதாரண கிரைண்டர் ஈரத்துக்காகச் செய்ததல்ல, அதன் மேல் மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றாதீர்கள். அதை எடுத்தால் வெட்டும் கோட்டை ஸ்பாஞ்சால் ஈரமாக்கி, கொஞ்சம் வெட்டி, நிறுத்தி, மறுபடி ஈரமாக்கித் தொடருங்கள். ஈரக் கையால் பிளக்கைத் தொடாதீர்கள்.

ஏதாவது ஆகிவிட்டால்: கண்ணில் தூசி விழுந்தால் தேய்க்காமல் சுத்தமான தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள். சில்லு குத்தி நின்றால் பிடுங்காமல், கண்ணை அழுத்தாமல், ஒரு கப்பால் மூடி நேரே கண் ஆஸ்பத்திரிக்கு. கை வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்தி, பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் பிடியுங்கள். காபித்தூளும் மஞ்சள்தூளும் வேண்டாம், தையல் போடும் டாக்டர் முதலில் அதைத்தான் கழுவி எடுக்க வேண்டியிருக்கும். ரத்தம் நிற்கவில்லை என்றால் 108. இதற்காகவே, மிஷின் ஓடும்போது வீட்டில் தனியாக இருக்காதீர்கள்.

கடைசியாக, ஏற்கெனவே தரையில் ஒட்டிய டைலை வெட்டித் திறக்கணும் என்று சிலர் கேட்பார்கள், குழாய் மாற்றவோ கதவு நிலை நகர்த்தவோ. அது வேறு வேலை. அடியில் ஒயர் பைப்பும் தண்ணீர் பைப்பும் எங்கே ஓடுகிறது என்று தெரியாது, வீட்டுக்குள்தான் வெட்ட வேண்டும், தூசியைத் தப்பிக்க வழியில்லை. அதற்குத் தூசி உறிஞ்சும் வசதி வைத்திருக்கும் அனுபவசாலியைக் கூப்பிடுங்கள். உங்கள் பால்கனிக்கு இப்போது செய்ய வேண்டியது: டைல்களை உலர்வாக அடுக்கி, ஜாலியும் கம்பிக் காலும் எந்த மூலையில் விழுகின்றன என்று பார்த்து, மேனுவல் கட்டரை ஒரு நாள் வாடகைக்குச் சொல்லி வைப்பது.